ஆர்சனிக் கலந்த தாதுக்களும் ஜயன்ட் தங்கச் சுரங்கமும்

ஆர்சனிக் கலந்த தங்க, செம்புத் தாதுக்களைப் பதப்படுத்துதல் என்பது, அத்தாதுக்களிலுள்ள ஆர்சனிக்கை அகற்றி உலோகத்தை மட்டும் பிரித்தெடுக்கும் முறைகளைக் குறிக்கும். மேனிலைப் பள்ளி வேதியியலில் தாமிரம் பிரித்தெடுக்கும் பாடத்தில் இது ஒரே வரியில் முடிந்துவிடும். தாதுவை வறுக்கும்போது கந்தகமும் ஆர்சனிக்கும் எளிதில் ஆவியாகும் ஆக்சைடுகளாக மாறி வெளியேறுகின்றன என்று மாணவர்கள் எழுதுவார்கள், மதிப்பெண் கிடைத்துவிடும். வெளியேறிய ஆர்சனிக் எங்கே போனது என்ற கேள்விக்கு அந்த வரியில் இடமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் விடை சில ஊர்களின் வரலாறாக விரிகிறது. கனடாவின் வடபகுதியில் யெல்லோநைஃப் நகரை ஒட்டியுள்ள ஜயன்ட் சுரங்கம் அவற்றுள் முதன்மையானது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்தச் சுரங்கத்தைப் பற்றியது. அதற்கு முன் தாதுவின் இயல்பையும், முன்னோடியாக இருந்த இரண்டு ஊர்களையும் சுருக்கமாகப் பார்க்கலாம்.

தாதுவுக்குள் ஆர்சனிக்

இரும்பு, ஆர்சனிக், கந்தகம் மூன்றும் சேர்ந்த கனிமம் ஆர்சனோபைரைட்டு. வெள்ளி போல் மினுங்கும். சுத்தியலால் தட்டினால் பூண்டு வாடை அடிக்கும். இதன் எடையில் ஏறத்தாழ 46 விழுக்காடு ஆர்சனிக். உலகின் பல தங்கச் சுரங்கங்களில் தங்கம் இந்தக் கனிமத்தோடு சேர்ந்தே கிடைக்கிறது. அந்தத் தங்கம் கண்ணுக்குத் தெரியும் துகளாக இருப்பதில்லை. கனிமத்தின் படிகத்துக்குள் மிக நுண்ணியதாகப் பொதிந்து கிடக்கும். வழக்கமான முறையில் தாதுவை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து வரவேண்டும். ஆர்சனோபைரைட்டில் கரைசல் உள்ளே நுழையவே வழியில்லாததால் பெரும்பகுதித் தங்கம் கழிவோடு போய்விடும். இத்தகைய தாதுவைச் சுரங்கத்தார் முரண்டு பிடிக்கும் தாது என்பார்கள்.

செம்பிலும் இதே சிக்கல் உண்டு. எனார்கைட்டு என்னும் செம்புத் தாதுவின் எடையில் ஏறக்குறைய பாதி செம்பு, ஐந்தில் ஒரு பங்கு ஆர்சனிக். இங்கே செம்பும் ஆர்சனிக்கும் ஒரே சேர்மத்தில் பிணைந்திருப்பதால், எவ்வளவு நன்றாக அரைத்தாலும் நுரை மிதப்பு முறையில் ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடியாது.

இரண்டுக்கும் பழைய தீர்வு நெருப்பு. ஆர்சனோபைரைட்டைக் காற்றில் வறுத்தால், அதன் இரண்டு மூலக்கூறுகள் ஐந்து ஆக்சிசன் மூலக்கூறுகளுடன் வினைபுரிந்து, ஒரு மூலக்கூறு இரும்பு ஆக்சைடும், ஒரு மூலக்கூறு ஆர்சனிக் டிரைஆக்சைடும், இரண்டு மூலக்கூறு கந்தக டைஆக்சைடும் தரும். சமன்பாட்டை மாணவர்களே எழுதிச் சரிபார்க்கலாம். பின்னிரண்டும் வாயுவாகப் போய்விட, எஞ்சிய இரும்பு ஆக்சைடு பஞ்சு போல் துளைகள் நிறைந்ததாக இருக்கும். சயனைடு அத்துளைகள் வழியே புகுந்து தங்கத்தைக் கரைத்துவிடும். தங்கத்தைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

ஆர்சனிக் டிரைஆக்சைடு குளிர்ந்ததும் வெண்தூளாகப் படியும். நம் சித்த மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாடாணம் என்று சொல்வது இதைத்தான். நிறமில்லை, சுவையும் இல்லை, நீரில் கரையும். ஒருவரைக் கொல்ல ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆர்சனிக் ஒரு தனிமம் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். கரிமக் கழிவுகளை எரித்து அழிக்கலாம், கிருமிகளைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். தனிமத்தை எந்த உலையாலும் இல்லாமல் ஆக்க முடியாது. இடம் மாற்றலாம், அல்லது வேறொரு சேர்மத்தில் கட்டிவைக்கலாம்.

டெவன்: நஞ்சே சரக்கானபோது

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், தாமர் ஆற்றங்கரையில், 1844இல் தொடங்கப்பட்ட டெவன் கிரேட் கன்சால்ஸ் சுரங்கம் சில ஆண்டுகளிலேயே ஐரோப்பாவின் வளமான செம்புச் சுரங்கங்களுள் ஒன்றாகிவிட்டது. ஒரு பவுண்டுக்கு விற்ற பங்கு 800 பவுண்டு வரை ஏறியது. செம்பு குறையத் தொடங்கியபோது, அதுவரை ஒதுக்கித் தள்ளிய ஆர்சனிக் தாது கைகொடுத்தது. 1860களிலிருந்து அதை வறுத்து, புகையை நீண்டு வளைந்து செல்லும் செங்கல் அறைகள் வழியே செலுத்தினார்கள். சுவர்களில் படிந்த வெண்தூளைத் தொழிலாளர்கள் உள்ளே நுழைந்து சுரண்டி எடுத்தார்கள். மூக்குத் துளையில் பஞ்சு, வாயை மூடிய துணி, தோலில் பூசிய களிமண், இவ்வளவுதான் பாதுகாப்பு. ஒரு காலகட்டத்தில் உலகின் ஆர்சனிக்கில் பாதியளவு இச்சுரங்கத்திலிருந்தும் அண்டைச் சுரங்கங்களிலிருந்தும் சென்றது.

வாங்க ஆள் இருந்தது. கண்ணாடித் தொழில், பச்சைச் சாயம், சுவர்த்தாள், அமெரிக்க வயல்களில் உருளைக்கிழங்கு வண்டுக்கு அடிக்கும் மருந்து என எல்லாவற்றுக்கும் ஆர்சனிக் தேவைப்பட்டது. புகழ்பெற்ற வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் குடும்பச் செல்வம் இச்சுரங்கத்தின் பங்குகளிலிருந்து வந்தது. அவரே 1871 முதல் 1875 வரை அதன் இயக்குநர்களில் ஒருவர். தொழிலாளர் நலனுக்காகப் பின்னாளில் பேசிய மனிதர் அவர் என்பதால், அவருடைய தொடக்ககாலச் சுவர்த்தாள்களில் ஆர்சனிக் கலந்த பச்சை இருந்ததை இன்றும் ஆய்வாளர்கள் விட்டுவைப்பதில்லை.

சந்தை இருக்கும்வரை ஆர்சனிக் கழிவாகத் தோன்றாது. இருபதாம் நூற்றாண்டிலும் இந்த நிலை ஓரளவு தொடர்ந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசன் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மரப் பாதுகாப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். கரையான் அரிக்காத மின்கம்பங்களும் வேலிக்கால்களும் உலகமெங்கும் அதனால் வந்தன. உருக்காலைகளின் ஆர்சனிக்கில் பெரும்பங்கு அந்த மரங்களுக்குள் போயிற்று. குழந்தைகள் விளையாடும் மரச் சட்டங்களிலிருந்து ஆர்சனிக் கசிகிறது என்ற கவலையால் அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களில் அது கைவிடப்பட்டது. பூச்சிமருந்துகளிலிருந்து ஆர்சனிக் அதற்கு முன்பே பெரும்பாலும் விலகியிருந்தது. விற்க வழியடைத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய கழிவு என்பது தெரிந்தது.

டகோமாவின் புகைபோக்கி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நகரை ஒட்டியிருந்த அசார்கோ செம்பு உருக்காலை, மற்ற ஆலைகள் வாங்கத் தயங்கிய ஆர்சனிக் மிகுந்த தாதுவை விரும்பி வாங்கியது. பிலிப்பைன்சின் லெப்பாண்டோ சுரங்கத்து எனார்கைட்டு கடல் கடந்து அங்கே வந்தது. ஆர்சனிக்கைத் தனியே பிடித்து விற்றார்கள். பிடிபடாததை 550 அடிக்கும் மேல் உயர்ந்த புகைபோக்கி காற்றில் கலந்தது. ஆயிரம் சதுர மைல் பரப்பில் மண்ணில் ஆர்சனிக் படிந்ததைப் பின்னர் அளந்தார்கள். புகைபோக்கி உயர்ந்தால் ஆலையின் அடிவாரத்தில் செறிவு குறையும், படியும் பரப்பு கூடும். அக்காலப் பொறியாளர்கள் அதையே தீர்வாகக் கருதினார்கள்.

1983இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் வில்லியம் ரக்கல்ஷாஸ் முடிவெடுக்கும் முன் ஊர்மக்களின் கருத்தைக் கேட்டார். ஆலை தொடர்ந்தால் புற்றுநோய் அபாயம், கட்டுப்பாட்டை இறுக்கினால் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வேலை இழக்கலாம், எது வேண்டும்? வேலையும் வேண்டும், உடல்நலமும் வேண்டும் என்பதற்கு அடையாளமாக 'இரண்டும்' என்று எழுதிய வில்லைகளை மக்களில் சிலர் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்கள். அந்த விவாதம் தீரும் முன்பே, செம்பு விலை வீழ்ச்சியால் 1985இல் உருக்காலை நின்றது. புகைபோக்கியை 1993 சனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

யெல்லோநைஃப்

கிரேட் ஸ்லேவ் ஏரியின் வடகரையில் வாழும் டெனே மக்கள் செம்பால் கத்திகள் செய்து பயன்படுத்தியவர்கள். 'மஞ்சள் கத்தி' என்ற பொருளில் வெளியார் அவர்களுக்கு இட்ட பெயரே ஊருக்கும் நிலைத்தது. 1930களில் அங்கே தங்கம் இருப்பது தெரிந்து ஆட்கள் குவிந்தார்கள். கான் சுரங்கம் 1938இல் தங்கம் எடுக்கத் தொடங்கியது. அதனினும் பெரிதாக வளர்ந்த ஜயன்ட் சுரங்கம் 1948இல் உற்பத்தியைத் தொடங்கியது.

ஜயன்ட்டின் தங்கம் ஆர்சனோபைரைட்டுக்குள் இருந்ததால், 1949இல் வறுக்கும் உலை இயங்கத் தொடங்கியது. புகையைப் பிடிக்க எந்தக் கருவியும் முதலில் இல்லை. நாளொன்றுக்கு ஏழு டன்னுக்கும் மேற்பட்ட ஆர்சனிக் டிரைஆக்சைடு காற்றில் கலந்து, சுற்றிலும் பனியின் மீது படிந்தது. வடபுலத்தில் ஆண்டில் பாதிக்கு மேல் பனிக்காலம். குழாய்நீர் இல்லாத டெனே குடும்பங்கள் பனியை உருக்கித்தான் குடித்தார்கள், சமைத்தார்கள். வசந்தத்தில் பனி உருகும்போது மாதக்கணக்கில் சேர்ந்த நஞ்சு ஒன்றாகத் தண்ணீரில் இறங்கியது.

1951இல், சுரங்கத்துக்கு எதிரே லேதம் தீவில் வாழ்ந்த டெனே குடும்பத்தின் இரண்டு வயதுக் குழந்தை ஆர்சனிக் நஞ்சால் இறந்தது. நிறுவனம் அக்குடும்பத்துக்குக் கொடுத்த இழப்பீடு 750 டாலர். இறந்த குழந்தைகள் இன்னும் உண்டு, நோயுற்றவர்கள் அதனினும் மிகுதி என்று டெனே முதியோர் சொல்லிவருகிறார்கள். பனிநீரைப் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் வந்தன. அந்நாளில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத டெனே மக்களுக்கு அவற்றால் என்ன பயன்? பாடம் நடத்தியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்: கேட்பவருக்குத் தெரியாத மொழியில் சொன்னது சொன்னதாகாது.

அதே ஆண்டில் புகையிலிருந்து தூளைப் பிடிக்கும் காட்ரெல் வீழ்படிவாக்கி ஜயன்ட்டில் நிறுவப்பட்டது. கூழ்மங்கள் பாடத்தில் வருமே, மின்னூட்டம் பெற்ற துகள்கள் எதிர்மின்னூட்டத் தகட்டில் படியும் கருவி, அதுதான். 1958இல் துணிப்பை வடிகட்டிகளும் சேர்க்கப்பட்டன. காற்றில் கலக்கும் அளவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் பிடித்த தூளை என்ன செய்வது என்பது இப்போது புதிய கேள்வியாயிற்று. காற்றிலிருந்து எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் மூட்டை மூட்டையாகக் கையில் சேர்ந்தது.

நிறுவனத்தின் விடை, சுரங்கத்துக்குள்ளேயே போடுவது. தங்கம் தோண்டிய வெற்றிடங்களிலும், இதற்கென்றே பாறையில் குடைந்த அறைகளிலும் 1951 முதல் தூளைக் குழாய் வழியே ஊதி நிரப்பினார்கள். அப்பகுதியில் நிலம் கோடையிலும் உருகாத உறைநிலமாக இருந்தது. நீர் உறைந்து கிடக்கும் பாறைக்குள் எதுவும் கரையாது என்பது கணக்கு. அக்கணக்கு அன்றைக்கு முட்டாள்தனமானதாகத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் சுரங்கம் தோண்டத் தோண்ட உள்ளே வெப்பக் காற்று போயிற்று. பின்னாளில் மேலிருந்து வெட்டிய திறந்தவெளிக் குழிகள் அறைகளை நெருங்கின. உறைநிலம் இளகியது. பாறை விரிசல்கள் வழியே நீர் வர ஆரம்பித்தது.

ஐம்பது ஆண்டுகளில் ஜயன்ட் ஏறத்தாழ 70 இலட்சம் அவுன்சு, அதாவது 220 டன்னுக்குச் சற்றுக் குறைவான தங்கம் தந்தது. நிலத்தடியில் சேர்ந்த ஆர்சனிக் டிரைஆக்சைடு தூள் 2,37,000 டன். நம் கணக்கில் சொன்னால், எடுத்த ஒவ்வொரு பவுன் தங்கத்துக்கும் எட்டரைக் கிலோவுக்கு மேல் நஞ்சு உள்ளே கிடக்கிறது.

இடையில் எதிர்ப்புக் குரல் எழாமல் இல்லை. 1970களில் கனடாவின் பழங்குடி அமைப்பும் உலோகத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து, டெனே குழந்தைகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோரின் தலைமுடியில் ஆர்சனிக் அளவைச் சோதிக்கச் செய்தன. அதன் பின்னர் 1977இல் கனடியப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் பணிக்குழு ஆராய்ந்தது. சுரங்கத்தின் உள்ளே வேலை செய்தவர்களும் வெளியே பனி உருக்கிக் குடித்தவர்களும் ஒரே அணியில் நின்றது இதில் குறிப்பிடத்தக்கது. டகோமாவில் வேலையா உடல்நலமா என்று பிரித்துக் கேட்டார்கள். இங்கே இருதரப்பாரும் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

1999இல் அப்போதைய உரிமையாளரான ராயல் ஓக் நிறுவனம் திவாலானது. உலை அணைந்தது. தாதுவை வேறிடத்துக்கு எடுத்துச் சென்று பதப்படுத்தும் வேலை மட்டும் 2004 வரை நடந்தது. தங்கத்தின் வருவாய் பங்குதாரர்களுக்குப் போயிற்று, தூளின் பொறுப்பு கனடா அரசுக்கு, அதாவது வரி செலுத்துவோருக்கு வந்தது.

உறையவைத்துக் காத்தல்

தூளை வெளியே எடுக்கலாமா, உருக்கி மீட்கலாமா, கண்ணாடியாக்கலாமா என்று பல வழிகளையும் ஆராய்ந்தார்கள். 2,37,000 டன் நஞ்சைக் கிளறுவது, கிளறுபவருக்கே ஆபத்து. எனவே தேர்ந்தெடுத்த வழி, இழந்த உறைநிலத்தைச் செயற்கையாகத் திரும்பக் கொண்டுவருவது.

இதற்கு வெப்பக்குழாய்கள் பயன்படுகின்றன. பாறைக்குள் ஆழமாக இறக்கிய மூடிய எஃகுக் குழாயில் கார்பன் டைஆக்சைடு அழுத்தத்தில் இருக்கும். அடியில் பாறையின் வெப்பத்தை உறிஞ்சித் திரவம் ஆவியாகி மேலெழும். மேல்முனையில் குளிர்காலக் காற்றுபட்டு மீண்டும் திரவமாகி வழிந்து இறங்கும். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். வெளியே பாறையைவிடக் குளிராக இருக்கும்வரை அது தானே இயங்கும். தூள் நிரம்பிய அறைகளைச் சுற்றி இப்படி உறைந்த பாறைச் சுவர் எழுப்புவது திட்டம். பூமி வெப்பமாகிவரும் காலத்தில் குளிர்காலத்தை நம்பி ஒரு திட்டமா என்று கேட்கத் தோன்றும். வெப்பமாதலையும் கணக்கில் கொண்டே வடிவமைத்ததாகத் திட்டத்தினர் கூறுகிறார்கள்.

யெல்லோநைவ்ஸ் டெனே மக்களின் எதிர்ப்பு வேறொரு இடத்தில் இருந்தது. உறையவைப்பது தீர்வல்ல, காலவரையற்ற காவல் என்றார்கள் அவர்கள். 2013இல் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வாரியம் அதை ஏற்று, இத்திட்டத்துக்கு 100 ஆண்டு வரம்பு விதித்தது. அதற்குள் நிலையான தீர்வைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி நடக்கவேண்டும். சுயேச்சையான மேற்பார்வை வாரியம் 2015 ஒப்பந்தத்தின்படி அமைந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகும் காவல் தொடர்ந்தால், இன்றைய மொழியும் எழுத்தும் புரியாத தலைமுறைக்கு இங்கே தோண்டாதீர்கள் என்று எப்படிச் சொல்வது என்பதையும் டெனே சமூகத்தினரும் ஆய்வாளர்களும் கூடிப் பேசியிருக்கிறார்கள். கல்லில் குறியா, கதையா, பாட்டா? ஆங்கில எச்சரிக்கையால் பயனற்றுப்போன அனுபவம் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி இது.

முழுமையான சீரமைப்புப் பணி 2021இல் தொடங்கியது. 2022இல் அறிவித்த மதிப்பீட்டின்படி செலவு 438 கோடி கனடிய டாலர். சுரங்கத்தில் ஊறும் நீரை இறைத்துச் சுத்திகரிப்பது அதற்குப் பிறகும் நிற்காது. நகரைச் சுற்றிய சிறு ஏரிகள் சிலவற்றில் நீரைக் குடிக்கவோ, நீந்தவோ, மீன் பிடிக்கவோ வேண்டாம் என்ற அறிவுரை இன்றும் உண்டு.

நெருப்பில்லாத வழிகள்

வறுத்தால் ஆர்சனிக் நீரில் கரையும் தூளாக வருகிறது என்பதே தொல்லையின் வேர். ஆகவே 1980களில் வறுக்காமல் தாதுவைத் திறக்கும் முறைகள் வந்தன. உயர் அழுத்தக் கலனில் ஆக்சிசனும் சூடான அமிலக் கரைசலும் கொண்டு தாதுவை ஆக்சிசனேற்றம் செய்வது ஒன்று. மற்றொன்று பாக்டீரியா. இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிசனேற்றம் செய்து பிழைக்கும் நுண்ணுயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து, ஆர்சனோபைரைட்டை அவற்றுக்கு உணவாக்குகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் அருகிலுள்ள ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986இல் இம்முறை தொழிலளவில் தொடங்கியது. சில மணிநேரத்தில் உலை செய்யும் வேலைக்கு இவை சில நாட்கள் எடுத்துக்கொள்ளும்.

இரு முறைகளிலும் ஆர்சனிக் கரைசலில்தான் வருகிறது, புகையில் வருவதில்லை. அங்கே போதிய இரும்பு இருந்தால், சுண்ணாம்புக் கல் சேர்த்து அமிலத்தைத் தணிக்கும்போது, இரும்பு ஆர்சனேட்டாக வீழ்படிவாகிவிடும். அதிலும் படிக வடிவமுள்ள ஸ்கோரடைட்டு என்ற கனிமம் நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். ஆனால் அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டதுதான். காரத்தன்மை மிகுந்த நீர் பட்டாலோ, ஆக்சிசன் இல்லாத சேற்றில் புதைந்தாலோ ஆர்சனிக் மீண்டும் விடுபடக்கூடும். குவித்து வைத்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

தங்கத்தில் இவ்வளவு மாற்றம் வந்தபோதும், செம்பில் பெரும்பாலும் இன்றும் நெருப்புதான். ஆர்சனிக் குறைந்த தாது தீர்ந்துவருவதால் சுரங்கங்கள் தரும் செறிவூட்டிய தாதுவில் ஆர்சனிக் கூடிவருகிறது. மிகுதியாகச் செம்புத் தாது வாங்கும் சீனா, 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆர்சனிக் உள்ள சரக்கை இறக்குமதி செய்வதில்லை. அதனால் சுத்தமான தாதுவோடு கலந்து அளவைக் குறைப்பதே ஒரு தொழிலாகியிருக்கிறது. சிலியில் கோடெல்கோ நிறுவனம் மினிஸ்ட்ரோ ஆலெஸ் சுரங்கத்தில் அனுப்புவதற்கு முன்பே தாதுவை வறுத்து ஆர்சனிக்கைப் பிரிக்கிறது. பல்கேரியாவின் செலோபெக் சுரங்கத்துச் செம்புத் தாது, டகோமாவுக்குப் போன பிலிப்பைன்சு தாதுவைப் போலவே எனார்கைட்டு நிறைந்தது. டண்டீ என்ற கனடிய நிறுவனம் அத்தாதுவை உருக்க 2010இல் நமீபியாவின் சுமேப் நகரிலிருந்த பழைய உருக்காலையை வாங்கியது. ஐரோப்பாவில் தோண்டிய தாது கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குச் சென்று உருகியது. செம்பு மீண்டும் கப்பலேறிப் போயிற்று, ஆர்சனிக் கழிவு சுமேப்பிலேயே தங்கியது. 2024இல் அந்த ஆலை ஒரு சீன நிறுவனத்தின் கைக்கு மாறியது.